முகமூடிக்கு ஊர் எது?

என் வீட்டு முன்னறைச் சுவரில் மூன்று மர முகமூடிகள் மாட்டியிருக்கின்றன. மூன்றும் நைஜீரியாவில் வாங்கியவை. அந்த நாடு 1976-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்தது. பெட்ரோல் பணம் கையில் இருந்தது, பள்ளிக்கூடங்கள் பெருகின, ஆசிரியர்தான் போதவில்லை. அப்போது நம் பக்கத்திலிருந்து போன பல வாத்தியார்களில் நானும் ஒருவன். 1978-ல் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போய்ச் சேர்ந்த ஊர் பெனின் சிட்டி. அந்த மாநிலத்துக்கு அப்போது பென்டல் என்று பெயர்.

கடையத்துக்கு வந்து நிரந்தரமாகத் தங்கிய பிறகு, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணாச்சி, இது எந்த ஊரு சாமி?"

சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த இனத்தார் இப்படிச் செதுக்குவார்கள் என்பது ஒன்று. இந்தக் குறிப்பிட்ட முகமூடி எந்த ஊரில், யார் கையில் இருந்து வந்தது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பொருளைப் பார்த்தே ஓரளவு பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பொருளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பதில் வராது. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆப்பிரிக்காவில் ஆரம்பிக்கிறேன். ஆனால் கதை கல்லிடைக்குறிச்சிக்கு வந்துதான் நிற்கும்.

முதலில் முகமூடி தானாகச் சொல்லும் விஷயங்கள். ஆப்பிரிக்க முகமூடி என்று மொத்தமாகச் சொல்வது, இந்தியச் சாப்பாடு என்று சொல்வது போலத்தான். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு முறை உண்டு. காபோன் நாட்டுப் பூனு இனத்தாரின் முகமூடி, நாமக்கட்டி மாதிரி வெள்ளை மண் பூசிய அமைதியான பெண் முகம். கண் இரண்டும் கீறல் போல மூடியிருக்கும், நெற்றியில் செதில் செதிலாகச் சாய்சதுர வடிவம் இருக்கும். ஐவரி கோஸ்ட், லைபீரியா எல்லையில் உள்ள டான் இனத்தாருடையது கறுத்து வழவழப்பாக, அளவான மூக்கும் உதடுமாக இருக்கும். அங்கோலா, காங்கோ பக்கத்துச் சொக்வே இனத்தார் செய்யும் 'புவோ' என்கிற பெண் முகத்தில் நெற்றியில் சிலுவை போன்ற ஒரு குறி காணப்படும். மாலி நாட்டுப் பமானா உழவர்கள் விதைப்புக் காலத்தில் ஆடும் ஆட்டத்துக்குத் தலையில் வைத்துக்கொள்வது மானின் உருவம். சியெரா லியோனில் மெண்டே இனப் பெண்களின் சங்கத்தில், கழுத்தில் மடிப்பு மடிப்பாக வளையம் உள்ள கறுப்பு முகமூடியைப் பெண்களே அணிந்து ஆடுவார்கள். பெரும்பாலும் ஆண்களே முகமூடி கட்டும் கண்டத்தில் இது அபூர்வம்.

என் சுவரில் இருக்கும் மூன்றில் ஒன்று இக்போ இனத்தாரின் கன்னிப்பெண் ஆவி முகம். வெள்ளை முகம், மெலிந்த மூக்கு, தலையில் உயரமாகக் கட்டிய கொண்டை. இன்னொன்று யோருபா மக்களின் கெலெடெ முகமூடி. தாய்மாரைப் பெருமைப்படுத்த ஆடும் ஆட்டம் அது. அந்த முகமூடியை முகத்தில் கட்டுவதில்லை, தொப்பி போலத் தலை மேல் கவிழ்த்துக்கொள்வார்கள். அதனால்தான் கண் துளை வழியாகப் பார்க்க முயன்றால் சரியாக வராது. மூன்றாவது, டான் இனத்து முறையில் செய்த கறுப்பு முகம். நைஜீரியாவுக்கும் டான் இனத்தாருக்கும் எவ்வளவோ தூரம். ஹௌசா வியாபாரி ஒருவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் ஆசிரியர் குடியிருப்புக்கே கொண்டுவந்தார். மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கச் சரக்கு இப்படித்தான் கை மாறும். ஆகவே வாங்கிய ஊர் வேறு, பிறந்த ஊர் வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கென்யாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் நைரோபி கடைகளில் 'மசாய் முகமூடி' வாங்கி வருகிறார்கள். மசாய் மக்களுக்கு முகமூடி கட்டி ஆடும் வழக்கமே கிடையாது. சுற்றுலாப் பயணி கேட்டார், கடைக்காரர் செய்து கொடுத்தார், அவ்வளவுதான். இதில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. குற்றாலம் சீசனில் அருவி பக்கம் விற்கும் சாமான்கள் எல்லாம் குற்றாலத்தில் செய்தவையா என்ன?

இனம் இன்னது என்று தெரிந்த பிறகு, ஆடியதா ஆடாததா என்ற கேள்வி வரும். அதைக் கண்டுபிடிக்க நம் ஊர் ஆசாரி ஒருவரே போதும். ஜன்னல் வேலைக்காக வந்த அவரிடம் அந்தக் கறுப்பு முகமூடியைக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாங்கினவுடன் திருப்பி முதுகைப் பார்த்தார்.

"இது முகத்துல கட்டி ஆடுனது இல்ல அண்ணாச்சி. ஓரத்துல கயிறு கோக்க ஓட்டை இருக்கு, ஆனா ஓட்டை புதுசாவே இருக்கு. கயிறு அறுத்த தடம் எங்க? உள்ள வாச்சித் தடம் அப்படியே நிக்கி. மூக்கும் நெத்தியும் பட்டு ஒரஞ்சிருந்தா இது மழுங்கியிருக்கணும்லா?"

அருங்காட்சியகத்துக்காரர்கள் பார்ப்பதும் இதைத்தான். ஆடிய முகமூடியின் உட்புறத்தில் நெற்றி, கன்னம் படும் இடங்கள் வேர்வையில் கறுத்து மெழுகு பிடித்தது போல் இருக்கும். ஓரத்துத் துளைகளில் நார் உராய்ந்து தேய்ந்திருக்கும். கண் துளை மனிதக் கண்ணுக்குப் பொருந்தும் இடைவெளியில் இருக்கும். பழையது போலக் காட்ட விரும்புகிறவர்கள் ஷூ பாலிஷ் தேய்ப்பார்கள், அடுப்புப் புகையில் தொங்கவிடுவார்கள், கறையான் அரிக்கட்டும் என்று மண்ணில் புதைத்தும் வைப்பார்கள். ஆனால் வேர்வை பட வேண்டிய இடத்திலும் படாத இடத்திலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் அது புகையின் வேலை.

என் மூன்றும் விற்பனைக்கென்று செய்தவை என்பது வாங்கும்போதே தெரியும். வியாபாரி கையில் அதே மாதிரி இன்னும் பத்து இருந்தன. நைஜீரியாவில் தொல்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோவதற்குத் தடை உண்டு. அதற்கான சட்டம் 1979-ல் மறுபடி இறுக்கப்பட்டது. ஊர் திரும்பும்போது அருங்காட்சியகத்தில் காட்டி, இவை தொல்பொருள் அல்ல என்று சீட்டு வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். கணக்கு வாத்தியார் புத்தி, ஒவ்வொன்றின் பின்புறமும் வாங்கிய ஊர், தேதி, கொடுத்த நைரா எல்லாம் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

முகமூடி என்று நாம் சுவரில் மாட்டுவது உண்மையில் முழுப் பொருளே அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த முகத்தோடு உடல் முழுவதையும் மறைக்கும் துணியும் பனை நாரும் இருந்தன, மேளம் இருந்தது, பாட்டு இருந்தது, பார்க்க வேண்டியவர் பார்க்கக்கூடாதவர் என்ற கட்டுப்பாடு இருந்தது. இக்போ கன்னி முகத்தைக் கட்டி ஆடுகிறவர்கள் ஆண்கள்தான். நம் சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்துக்குப் பெண் வேஷம் கட்டி ஆடுகிறவர்கள் ஆண்கள்தானே. வரலட்சுமி நோன்புக்குக் கலசத்தில் வைத்துக் கட்டும் வெள்ளி அம்மன் முகத்தை யாராவது ஒரு வெளிநாட்டுக்காரர் பழைய பாத்திரக் கடையில் வாங்கிப் போய், 'தமிழ் முகமூடி' என்று தன் வீட்டுச் சுவரில் மாட்டினால் எப்படி இருக்கும்? பொருள் நிஜம்தான். ஆனால் கலசம், தேங்காய், மஞ்சள் சரடு, அந்த வீட்டுப் பெண்களின் பாட்டு எதுவும் அதோடு போகவில்லை. எந்த வீட்டு அம்மன் என்பதும் போகவில்லை.

இந்த 'எந்த வீடு' என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பதற்குச் சமீபத்தில் பிரான்சில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். வயதான தம்பதி ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது, பரணில் கிடந்த ஒரு மர முகமூடியை 2021-ல் பழைய சாமான் வியாபாரியிடம் 150 யூரோவுக்கு விற்றார்கள். அது காபோன் நாட்டு ஃபாங் இனத்தாரின் 'ங்கில்' முகமூடி. நீண்ட வெள்ளை முகம். குற்றவாளிகளைத் தேடி இரவில் தீப்பந்தத்தோடு வரும் ஒரு ரகசியச் சங்கத்தார் கட்டிக்கொள்வது. உலகத்தில் மிஞ்சியிருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. 2022 மார்ச்சில் மோன்பெலியே நகரில் அது 42 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. தம்பதியர் ஏமாற்றப்பட்டோம் என்று வழக்குப் போட்டார்கள். காபோன் அரசும் முகமூடி எங்களுடையது என்று வந்து நின்றது. 2023 டிசம்பரில் அலெஸ் நகர நீதிமன்றம் இரண்டு கோரிக்கைகளையும் தள்ளியது.

அந்த முகமூடியின் மரத்தைக் கார்பன் முறையில் சோதித்து 19-ம் நூற்றாண்டு என்றார்கள். வடிவத்தைப் பார்த்து ஃபாங் என்றார்கள். கணவரின் தாத்தா காலனி ஆட்சிக் காலத்தில் அந்தப் பக்கம் கவர்னராக இருந்தவர், 1917 வாக்கில் கிடைத்தது என்பது குடும்ப வரலாறு. இவ்வளவும் தெரிந்தது. எந்த ஊரில், யாரிடமிருந்து, விலைக்கா, பரிசாகவா, பிடுங்கியா என்று சொல்ல ஒரு வரி எழுத்து இல்லை. எடுத்துப் போனவர் பக்கத்துப் பரம்பரை பதிவாகியிருக்கிறது, பறிகொடுத்தவர் பக்கத்து ஊர்ப்பெயர் பதிவாகவில்லை. காபோன் என்ற நாட்டின் பெயரில் கேட்க முடிந்ததே தவிர, இன்ன ஊர் என்ற பெயரில் கேட்க ஆளில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். கீழக்கடையம் ஸ்டேஷனில் திருநெல்வேலி ரயில் ஏறினால் ரவணசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கீழ ஆம்பூர், அம்பாசமுத்திரம், அதற்கடுத்து கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன ஊர். அங்கே குலசேகரமுடையார் கோயில் இருக்கிறது, அம்மன் பெயர் அறம்வளர்த்த நாயகி. அந்தக் கோயிலில் இரண்டரை அடி உயர ஐம்பொன் நடராசர் இருந்தார். 1982 ஜூலையில் கதவை உடைத்து அவரையும் சிவகாமி அம்மன், மாணிக்கவாசகர், ஸ்ரீபலிநாயகர் ஆகியோரையும் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் தேடியது, கிடைக்கவில்லை. கண்டுபிடிக்க முடியாத வழக்கு என்று எழுதிக் கட்டையும் மூடிவிட்டார்கள்.

நான் அப்போது பெனின் சிட்டியில் இருந்தேன். கடிதத்தில்தான் சேதி வந்தது. எங்கள் வீட்டில் ஆருத்ரா தரிசனத்துக்கு அந்தக் கோயிலுக்குப் போகிற வழக்கம் உண்டு. அம்மா எழுதியிருந்த வரி இன்னும் நினைவிருக்கிறது: "வெறும் பீடத்துக்குத் தீபாராதனை காட்டுகிறார்கள்."

அந்த நடராசர் எங்கெங்கோ கை மாறி, 2001-ல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் உள்ள தெற்கு ஆஸ்திரேலிய கலைக்கூடத்துக்கு விலைக்குப் போனார். கண்ணாடிக்குள் விளக்கு வெளிச்சத்தில் நின்றார். பெயர்ப்பலகையில் நடராசர், தமிழ்நாடு என்று போட்டிருப்பார்கள். அது தவறில்லை. பாணியைப் பார்த்து அந்த அளவுக்குச் சொல்லிவிடலாம். டான் முகமூடியை நான் அடையாளம் சொல்வது போலத்தான். ஆனால் தமிழ்நாட்டில் நடராசர் இல்லாத சிவன் கோயில் அபூர்வம். இவர் எந்த ஊர்க்காரர்?

பதில் பாண்டிச்சேரியில் ஒரு அலமாரியில் இருந்தது. அங்கே 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டிலிருந்து தென்னிந்தியக் கோயில்களுக்கு ஆள் அனுப்பிச் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் படம் எடுக்க ஆரம்பித்தது. இன்று அந்தத் தொகுப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். திருட்டைப் பிடிக்கிற எண்ணம் எதுவும் அவர்களுக்கு இல்லை. கோயில் கலையை ஆராய வேண்டும், அதற்குப் படம் வேண்டும், அவ்வளவுதான். அப்படி 1958-ல் கல்லிடைக்குறிச்சிக்கும் வந்து நடராசரைப் படம் பிடித்துப் போனார்கள். அரை நூற்றாண்டு கழித்து, அடிலெய்டு சிலையின் படத்தையும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்று என்று தெரிந்தது.

இரண்டு நடராசர் ஒரே மாதிரி இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். இருக்க முடியாது. அதற்குக் காரணம் செய்முறை. முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் வண்டல் மண்ணை அப்பி, காய்ந்ததும் சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே திருவாசியின் சுடர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, சடையின் விரிப்பு, முயலகன் படுத்திருக்கும் கோணம், பீடத்தில் ஒரு நெளிவு என்று எல்லாம் சேர்ந்து கைரேகை போல ஆகிவிடும். ஸ்தபதிகள் சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். பெனின் சிட்டியில் இகுன் தெரு என்று ஒன்று இருக்கிறது. அரசருக்கு உலோக வார்ப்பு செய்து கொடுத்த பரம்பரையார் வாழும் தெரு. அங்கேயும் இதே மெழுகு, இதே மண், இதே துருத்தி. முதல் தடவை பார்த்தபோது கும்பகோணத்துப் பக்கம் வந்துவிட்டோமோ என்றுதான் நினைத்தேன்.

2019 செப்டம்பரில் நடராசர் திரும்பி வந்தார். விமானத்தில் டெல்லி, அங்கிருந்து ரயிலில் சென்னை. 37 வருஷம் கழித்து வந்தவரைக் கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் மேளதாளத்தோடு வரவேற்றார்கள். அன்று திரும்பியது நடராசர் ஒருவர்தான். அவரோடு போன மற்ற மூவரும் கூட வரவில்லை.

படம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. அது பத்தூர் நடராசர். பழைய தஞ்சை மாவட்டத்தில் பத்தூர் என்ற கிராமத்தில், இடிந்த கோயில் அருகே மண்ணுக்கடியில் புதைந்திருந்து 1976-ல் கிடைத்தவர். கைமாறி லண்டனுக்குப் போய், கனடாவின் எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் கைக்கு வந்தார். 1982-ல் லண்டன் போலீஸ் பறிமுதல் செய்தது. புதைந்தே கிடந்த சிலைக்கு யார் படம் எடுத்து வைத்திருப்பார்கள்? நம் தொல்லியல் துறை இயக்குநராக இருந்த இரா. நாகசாமி லண்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனார். பாணியை ஒப்பிட்டார்கள், சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் பத்தூர் மண்ணோடு ஒப்பிட்டார்கள். அந்தச் சிவன் கோயிலே வழக்காடும் உரிமையுள்ள ஒரு கட்சிக்காரர் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். மேல்முறையீடும் முடிந்து சாமி ஊர் திரும்பியது 1991-ல். ஒரு படம் செய்திருக்க வேண்டிய வேலைக்கு ஒன்பது வருஷம்.

பொய் எழுதுகிறவர்களும் எழுத்தின் மதிப்பைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் தொல்பொருள் சட்டம் 1972-ல் வந்தது. உலக அளவில் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970. அதற்கு முன்பே வெளிநாட்டுக்குப் போய்விட்டது என்று காட்டினால் கேள்வி குறையும். அதனால் திருடிய சிலைக்குத் திருடர்கள் முதலில் தயாரிப்பது ஒரு பழைய ரசீது. அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் 2006-ல் திருடுபோன நடராசரை, நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்குக் காட்டிய கதை என்ன தெரியுமா? டெல்லியில் வேலை பார்த்த சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970 வாக்கில் வாங்கி வைத்திருந்தது என்பது. ஆப்பிரிக்காவிலிருந்து நான் முகமூடி வாங்கி வந்த மாதிரி, ஆப்பிரிக்கர் ஒருவர் இங்கிருந்து நடராசர் வாங்கிப் போனாராம்! காகிதம் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் பாண்டிச்சேரி அலமாரியில், அதே நடராசர் அதற்கு வெகுகாலம் பின்னும் ஸ்ரீபுரந்தானில் இருந்ததற்குப் படம் இருந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லி வந்தபோது சாமியைக் கையோடு கொண்டுவந்து கொடுத்தார்.

ஆப்பிரிக்காவிலும் இப்படித் திரும்பிய பொருள்கள் உண்டு, அங்கேயும் சாட்சி சொன்னது படம்தான். கென்யக் கடற்கரையில் மிஜிகெண்டா மக்கள், செத்துப்போன பெரியவர்களுக்காக ஆள் உயர மரத்தூண் செதுக்கி நடுவார்கள். விகாங்கோ என்று பெயர். நம் ஊர் நடுகல் மாதிரி. அதை அசைக்கவே கூடாது என்பது நம்பிக்கை. 1985-ல் மோனிகா உட்வார்டி என்ற மானிடவியல் ஆய்வாளர், தன் தம்பிமாருக்காக நட்ட இரண்டு தூண்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவரைப் படம் எடுத்தார். கொஞ்ச நாளில் அந்தத் தூண்கள் திருடு போயின. 1999-ல் அமெரிக்காவில் ஒரு கருத்தரங்கில் யாரோ காட்டிய ஸ்லைடில் அதே தூண் இருந்ததை உட்வார்டி பார்த்துவிட்டார். ஒன்று இலினாய்ஸில் ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில், இன்னொன்று ஹாம்ப்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில். அந்த ஒரு புகைப்படத்தை வைத்துப் பேசி, 2007-ல் அவை அதே குடும்பத்திடம் திரும்பின.

அங்கோலாவில் டுண்டோ என்ற ஊரின் அருங்காட்சியகத்திலிருந்து சொக்வே முகமூடிகள் உள்நாட்டுப் போரில் காணாமல் போயின. பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் மரி லூயி பாஸ்தன் 1950களில் அங்கே தங்கி அந்தத் தொகுப்பை ஆராய்ந்து, படங்களோடு 1961-ல் புத்தகமாக வெளியிட்டிருந்தார். பழைய படங்களோடு ஒத்துப்பார்த்து, ஐரோப்பியச் சந்தையில் கிடந்த முகமூடிகளைக் கண்டுபிடித்து 2016-ல் அங்கோலாவுக்குக் கொடுத்தார்கள். அந்தப் புத்தகம் வந்ததும் கல்லிடைக்குறிச்சிப் படம் எடுத்ததும் ஏறக்குறைய ஒரே காலம்.

நான் இருந்த பெனினுக்கு வேறு விதமான விதி. 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை அந்த நகரத்தைப் பிடித்து, அரசரை நாடு கடத்தி, அரண்மனையில் இருந்த உலோக வார்ப்புகளையும் தந்தங்களையும் ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனது. அள்ளிய பொருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து அதிகாரிகளே படமும் எடுத்துக்கொண்டார்கள். அரசரின் தாய் இடியாவின் முகம் என்று சொல்லப்படும் தந்த முகமூடி லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1977-ல் லாகோஸில் நடந்த ஆப்பிரிக்கக் கலைவிழாவுக்கு அந்த முகத்தைத்தான் சின்னமாக வைத்தார்கள். விழா முடியும் வரை இரவல் கொடுங்கள் என்று கேட்டதற்கு லண்டன் மறுத்துவிட்டது. பெனின் சிற்பிகள் நகல் செய்துதான் விழா நடந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது சட்டைத் துணியிலும் காலண்டரிலும் அந்த முகம்தான். 2022-ல் டிஜிட்டல் பெனின் என்று ஒரு இணையப் பட்டியல் வந்தது. 20 நாடுகளில் சிதறிய 5,000-க்கும் மேற்பட்ட பொருள்களின் படமும் விவரமும் அதில் இருக்கின்றன. அந்த வருஷக் கடைசியில் ஜெர்மனி ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. பட்டியல் போட்ட பிறகுதான் எது எங்கே என்று விரல் நீட்டிக் கேட்க முடிகிறது.

பட்டியல் போடுவது நமக்குப் புதிதும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜ சோழன், தானும் தன் அக்காவும் ராணிகளும் அதிகாரிகளும் கொடுத்த செப்புத் திருமேனிகள் அத்தனையையும் எழுதி வைத்தான். கோயில் முழக்கோலால் அளந்து இத்தனை முழம், இத்தனை விரல் உயரம், இத்தனை கை, பீடம் எவ்வளவு, திருவாசி உண்டா என்று கல்லில் வெட்டினான். அறுபதுக்கு மேற்பட்ட திருமேனிகளில் இன்று மிஞ்சியவை மிகச் சில. ஆனால் என்னென்ன இருந்தன என்பது ஆயிரம் வருஷம் கழித்தும் நமக்குத் தெரியும்.

அரசனை விடுங்கள். நம் வீட்டில் அம்மா, பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவைத் திருப்பிப் பாருங்கள். கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். கல்யாண வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் பத்து வீட்டுப் பாத்திரத்தோடு கலந்தாலும் சரியாக வீடு திரும்பியது அந்தப் பெயரால்தான். சாம்பார் வாளிக்குப் பெயர் வெட்டத் தெரிந்த நாம், ஊர்க் கோயில் சாமிக்கு ஒரு அடையாளம் எழுதி வைத்திருக்கிறோமா?

பெரிய கோயில்களுக்கு அரசுப் பதிவேடு உண்டு. என் கவலை சின்னக் கோயில்களைப் பற்றியது. ஒரு கால பூஜையும் இல்லாத சிவன் கோயில், குடும்பத்தார் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை கூடும் சாஸ்தா கோயில், பங்காளிகள் வெளியூர் போய்விட்டதால் பூட்டியே கிடக்கும் பஜனை மடம். பாண்டிச்சேரிக்காரர்கள் எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை. இப்போது எல்லோர் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது.

உங்கள் குலதெய்வக் கோயில் பங்காளிகளையும் பூசாரியையும் கலந்துகொண்டு, ஒரு நாள் செலவிடுங்கள். அலங்காரமும் மாலையும் இல்லாத நேரத்தில், அபிஷேகத்துக்கு முன்னால், ஒவ்வொரு திருமேனியையும் முன்புறம், பின்புறம், இரு பக்கம், பீடத்தின் அடிப்பாகம் என்று படம் எடுங்கள். வஸ்திரம் சாத்திய படம் பின்னால் ஒன்றுக்கும் உதவாது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். உடைந்த விரல், தேய்ந்த மூக்கு, பீடத்தில் எழுத்து இருந்தால் அது, இவற்றைக் கிட்டத்தில் எடுங்கள். அழகான இடத்தை விட ஊனமான இடம்தான் அடையாளம் சொல்லும். உயரம், எடை, தேதி, கோயில் பெயர், ஊர் பெயர் எழுதுங்கள். அந்தச் சாமிக்கு ஊரார் வழங்கும் செல்லப் பெயரையும் எழுதுங்கள். பிரதி எடுத்து இரண்டு மூன்று குடும்பத்தில் வையுங்கள். கோயில் பீரோவுக்குள்ளேயே வைத்துவிட்டால், சாமியைத் தூக்குகிறவன் அதையும் தூக்கிவிடுவான். வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் சுற்றவிடுவதும் வேண்டாம்.

எங்கள் குடும்பக் கோயிலில் போன ஆடியில் இதைச் செய்து முடித்தோம். ஏழு திருமேனிகள், 64 படங்கள், ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு பிரதி என்னிடம், ஒன்று மதுரையில் சித்தப்பா மகனிடம், இன்னொன்று கோயம்புத்தூரில் அத்தை பேத்தியிடம். பூசாரியின் மகன் ஒன்பதாவது படிக்கிறான், ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவனையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். எங்களுக்கு அப்புறம் சாட்சி சொல்ல வேண்டியவன் அவன்.